அன்னார், ஆன்னார்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு: எழுதுகிற எழுத்துக்குக் கீழே வரும் சிவப்பு நெளிகோடு. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, கோட்டையும் மொழியையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் தட்டச்சு வேலை செய்கிற எனக்கு இது நாளாந்தம் கைபடுகிற விடயம். வினாத்தாள், ஆய்வேடு, கல்யாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவு மலர்) என்று எது வந்தாலும் முதலில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த எழுத்தைக் கணினி எந்த மொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது?

கேள்வி: நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சை வினாத்தாளை வீட்டில் வேர்டில் செய்கிறேன். அறிவுறுத்தல்கள் தமிழில், வாசிப்புப் பந்திகள் ஆங்கிலத்தில். ‘கலர்’ என்ற சொல்லை யூ போட்டு எழுதினால் சிவப்புக் கோடு வருகிறது. தமிழ் முழுவதற்கும் கோடு. ஒருநாள் எல்லாவற்றையும் பிரித்தானிய ஆங்கிலமாக மாற்றிச் சேமித்தேன். அந்த வினாத்தாள் சரியாக இருக்கிறது. ஆனால் அடுத்த நாள் புதிதாக ஒன்றைத் திறந்தால் மறுபடியும் அமெரிக்க ஆங்கிலம். அதே கணினியில் என் கணவர் சங்கக் கூட்ட அறிக்கைகளைத் தமிழில் எழுதுகிறார். அவருடையதைக் குழப்பாமல் என்னுடைய கோப்பை மட்டும் மாற்ற வழி உண்டா? (ஆசிரியை, சாவகச்சேரி)

பதில்: வழி உண்டு ரீச்சர். அதற்கு முதல் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். வேர்டில் மொழி என்பது கணினிக்கு வைக்கிற பெயர் இல்லை. கோப்புக்கு வைக்கிற பெயரும் இல்லை. அது எழுத்தோடு ஒட்டியிருக்கிற குணம். ஓர் எழுத்து தடித்திருக்கும், சாய்ந்திருக்கும், அடிக்கோடு வாங்கியிருக்கும். அதேபோல ‘பிரித்தானிய ஆங்கிலம்’ என்றும் இருக்கும். தடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது, மொழி தெரிவதில்லை. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றால், உங்கள் வினாத்தாளுக்கு ஒரு பிரதி எடுத்து, கோப்பின் பெயர் முடிவில் இருக்கும் ‘டொக்ஸ்’ என்பதை ‘ஸிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். வேர்ட் கோப்பு என்பது உண்மையில் பல சிறு கோப்புகளைக் கட்டி வைத்த பொட்டலம். உள்ளே ‘வேர்ட்’ என்ற கோப்புறைக்குள் ‘டொக்குமெண்ட்’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் உங்கள் சொற்களுக்கு இடையிடையே ‘லாங்’ என்று சிறு குறிகள் கிடக்கும். ஈஎன்-யூஎஸ் என்றால் அமெரிக்க ஆங்கிலம், ஈஎன்-ஜிபி என்றால் பிரித்தானிய ஆங்கிலம். தமிழுக்கும் இரண்டு குறி உண்டு: டிஏ-ஐஎன் இந்தியத் தமிழ், டிஏ-எல்கே இலங்கைத் தமிழ். பார்த்துவிட்டு அந்தப் பிரதியை அழித்துவிடுங்கள், அதில் கை வைக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். ஆங்கிலப் பந்தியை மட்டும் மவுஸால் தெரிவுசெய்யுங்கள். மேலே ‘ரிவியூ’ தாவலில் ‘லாங்வேஜ்’, அதற்குள் ‘செட் புரூஃபிங் லாங்வேஜ்’. பட்டியலில் ‘இங்கிலிஷ், யுனைட்டெட் கிங்டம்’ என்பதைத் தெரிவுசெய்து ஓகே கொடுங்கள். சரிபார்க்கும் அகராதி இருக்கிற மொழிகளுக்குப் பக்கத்தில் ஏபிசி எழுதிய ஒரு சிறு சரி அடையாளம் இருக்கும். தமிழுக்கு அது இல்லையென்றால் உங்கள் கணினியில் தமிழ் அகராதி இன்னும் இறங்கவில்லை. மைக்ரோசொஃப்ட் தருகிற தமிழ் மொழித் துணைப்பொதியை இறக்கினால் வந்துவிடும். திரையின் அடிப்பட்டையிலும் மொழியின் பெயர் எழுதியிருக்கும். எழுத்துமுனை எங்கே நிற்கிறதோ அந்த இடத்து மொழியை அது காட்டும், அதன்மேல் அழுத்தினாலும் அதே பெட்டி திறக்கும். நான் ரிவியூவுக்குப் போவதே இல்லை, எல்லாம் அடிப்பட்டையில்தான்.

அந்தப் பெட்டியில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

கீழே இடப்பக்கத்தில் ‘செட் ஆஸ் டிஃபோல்ட்’ என்றொரு பொத்தான். அதை அழுத்தாதீர்கள். உங்கள் கேள்வியின் பாதிப் பதில் இதற்குள் இருக்கிறது. புதிதாகத் திறக்கிற ஒவ்வொரு கோப்பும் ‘நோர்மல்’ என்கிற வார்ப்புருவைப் பார்த்துப் பிறக்கிறது. நீங்கள் ஒரு வினாத்தாளின் எழுத்தைத்தான் மாற்றினீர்கள், வார்ப்புரு அமெரிக்காவிலேயே இருந்தது, ஆகவே அடுத்த நாள் பிறந்த பிள்ளையும் அமெரிக்கா. அந்தப் பொத்தானை அழுத்தினால் வார்ப்புரு மாறும். இனி உங்கள் கணவர் திறக்கிற புதுக் கோப்புகளும் சேர்ந்து மாறும். நீங்கள் வேண்டாம் என்று கேட்டதே அதைத்தானே.

அடுத்தது, ‘டிடெக்ட் லாங்வேஜ் ஒட்டோமற்றிக்கலி’ என்ற பெட்டியில் உள்ள சரி அடையாளம். ஒரே மொழிக் கோப்பில் அது இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மொழிக் கோப்பில் நான் எடுத்துவிடுவேன். நீங்கள் பொறுமையாகக் குறித்து வைத்த மொழியை, நாலு சொல்லைப் பார்த்து அது தன் பாட்டுக்கு மாற்றிவிடும்.

மூன்றாவது, ‘டூ நொட் செக் ஸ்பெல்லிங் ஓர் கிராமர்’. இதைக் கண்டபடி போடக் கூடாது. ஆனால் உங்களுக்கு இது ஓர் இடத்தில் மிகவும் உதவும். வினாத்தாளில் ‘கீழுள்ள பந்தியில் பிழைகளைத் திருத்துக’ என்று ஒரு பகுதி வைப்பீர்கள். அந்தப் பந்தியை மட்டும் தெரிவுசெய்து இந்தச் சரி அடையாளத்தைப் போடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே கொக்குவிலில் இருந்து ஒரு ரீச்சர் கொண்டுவந்த வினாத்தாளில் பத்துப் பிழை இருக்க வேண்டிய பந்தியில் ஏழுதான் இருந்தது. அவர் வேண்டுமென்றே ‘ரிசீவ்’ என்ற சொல்லில் ஐ-யையும் ஈ-யையும் மாற்றித் தட்டியிருக்கிறார். அடுத்த இடைவெளி அடித்த கணமே வேர்ட் அதைத் திருத்திவிட்டது. அது ‘ஒட்டோகரெக்ட்’ என்கிற வேறொரு கை. திருத்தியது கண்ணில் பட்டவுடன் கொன்ட்ரோல்-இஸட் அடித்தால் நீங்கள் தட்டியபடியே திரும்ப வரும்.

முழுக் கோப்பும் ஒரே மொழி என்றால் கொன்ட்ரோல்-ஏ அடித்துவிட்டு மொழியை மாற்றலாம். ஆனால் அது பக்கத்தின் உடலை மட்டும்தான் பிடிக்கும். தலைப்பட்டை, அடிப்பட்டை, அடிக்குறிப்பு, எழுத்துப்பெட்டி ஆகியவற்றுக்குள் தனித்தனியாகப் போக வேண்டும். வினாத்தாளின் தலைப்பட்டையில் பாடசாலைப் பெயருக்குக் கீழே மட்டும் கோடு மிஞ்சி நிற்பது இதனால்தான்.

ஒவ்வொரு தவணையும் இப்படித் தெரிவுசெய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு பாணிகள் செய்துவைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றுக்கு ‘அறிவுறுத்தல்’ என்று பெயர், மற்றதற்கு ‘பந்தி’. பாணியின் மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘மொடிஃபை’, அதில் ‘ஃபோர்மற்’, அதற்குள் ‘லாங்வேஜ்’. அறிவுறுத்தலுக்குத் தமிழ், பந்திக்குப் பிரித்தானிய ஆங்கிலம். பிறகு கோப்பை வார்ப்புருவாக, ‘டொட்எக்ஸ்’ என்ற வகையில் சேமியுங்கள். அடுத்த தவணை அதைத் திறந்து எழுதினால் மொழியை நினைக்கவே வேண்டாம். உங்கள் கணவரின் ‘நோர்மல்’ அதன் பாட்டில் கிடக்கும்.

தமிழைத் தட்டும்போது விண்டோஸில் உள்ள தமிழ் விசைப்பலகையையே பாவியுங்கள். தமிழ் 99 என்ற விசை அமைப்பு அதிலேயே இருக்கிறது. அப்படித் தட்டினால் இது தமிழ் என்று வேர்ட் தானே குறித்துக்கொள்ளும். வேறு தட்டச்சு மென்பொருளைப் போட்டுத் தட்டும்போது, வெளியே தமிழ் எழுத்து வந்தாலும் விண்டோஸின் மொழி ஆங்கிலம் என்றே நிற்கும். வேர்டும் அதை நம்பி ஆங்கிலம் என்று குறித்துவிடுவதுண்டு. தமிழ் முழுவதற்கும் கோடு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலின் வரலாற்றை நூலாக எழுதிவருகிறேன். நூற்றிருபது பக்கம் ஆகிவிட்டது. பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறேன். ஒரு சொல் விடாமல் சிவப்புக் கோடு. உங்கள் பழைய பதிலைப் பார்த்து முழுவதையும் தமிழ் என்று மாற்றினேன், கோடு போகவில்லை. ஆனால் நடுவில் சில சொற்களுக்கு மட்டும் கோடே இல்லை. இது என்ன? (ஓய்வுபெற்ற அதிபர், மானிப்பாய்)

பதில்: வணக்கம் சேர். நீங்கள் எழுதியது தமிழ். கணினிக்குள் இருப்பது தமிழ் இல்லை. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நானும் என் வாழ்நாளில் பாதியைப் பாமினியில் தட்டியவள். தொண்ணூறுகளில் இங்கே மின்சாரமே இல்லாத வருடங்களில் தட்டச்சுப் பொறியில் பழகி, மின்சாரம் வந்த பிறகு கணினிக்கு மாறியபோது எங்களுக்குக் கிடைத்த எழுத்து பாமினிதான். எங்கள் பத்திரிகைகள், மலர்கள், வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் வெளிவந்தன. அந்த எழுத்துக்கு நான் நன்றி உள்ளவள்.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பாமினியில் நீங்கள் ‘தமிழ்’ என்று தட்டும்போது கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சின்னெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்கு மேல் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த முகம் கழன்றுவிடும். சொற்பிழை பார்க்கிற அகராதிக்கு முகம் தெரியாது. அது உள்ளே இருக்கும் ஜேகேபிஓவைத்தான் வாசிக்கிறது. அப்படியொரு சொல் ஆங்கிலத்தில் இல்லை, ஆகவே கோடு. நீங்கள் அதைத் தமிழ் என்று குறித்தாலும், தமிழ் அகராதி தேடுகிற தமிழ் எழுத்து அங்கே ஒன்றுமில்லை.

கோடு விழாத சொற்கள் என்று கேட்டீர்களே. ‘கை’ என்று எழுதிய இடத்தைப் பாருங்கள். பாமினியில் ‘கை’ தட்ட முதலில் ஐ, பிறகு எஃப். அது ஆங்கிலத்தில் ‘இஃப்’. ‘வை’ என்றால் ஐயும் டியும், ‘இட்’. இரண்டும் நல்ல ஆங்கிலச் சொற்கள் என்று கணினி விட்டுவிட்டது. கையும் வையும் தப்பின காரணம் இவ்வளவுதான் சேர்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: பாமினியில் இருக்கிற பகுதி முழுவதற்கும், நான் மேலே கண்டபடி போடக் கூடாது என்று சொன்ன அந்த ‘சரிபார்க்க வேண்டாம்’ அடையாளத்தைப் போடுங்கள். கண்டபடி இல்லை, இது சரியான இடம். நடுவில் உண்மையான ஆங்கிலப் பகுதி, உதாரணமாகக் காலனித்துவ காலத்துப் பதிவேட்டில் இருந்து எடுத்த வரிகள் இருந்தால், அவற்றை விட்டுவிட்டு மற்றதற்குப் போடுங்கள். ‘ஹோம்’ தாவலில் ‘செலெக்ட்’ என்பதற்குள், ஒரே வடிவில் இருக்கும் எழுத்தையெல்லாம் ஒன்றாகப் பிடிக்கிற தெரிவு உண்டு. பாமினி வரியொன்றில் நின்று அதை அழுத்தினால் அதே வடிவில் உள்ள பாமினி எல்லாம் பிடிபடும்.

அதைவிட அவசரமானது ஒட்டோகரெக்ட். இது எனக்கு நடந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு கல்வெட்டு வேலை. அம்மா ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலர். புதுக் கணினி, அமைப்புகளை இன்னும் மாற்றவில்லை, இரவிரவாகத் தட்டி விடியப்புறம் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் மரண அறிவித்தல் எப்படி அமையும் என்று உங்களுக்குத் தெரியும்: பிறந்த ஊர், வதிவிடம், இறைவனடி சேர்ந்த நாள், முற்றுப்புள்ளி. அடுத்த வசனம் ‘அன்னார்’ என்றுதான் தொடங்கும். பாமினியில் ‘அ’ என்பது சின்ன எம், ‘ஆ’ என்பது பெரிய எம். வசனத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்குவது ஒட்டோகரெக்டின் பழக்கம். அச்சாகி வந்த புத்தகத்தில் ‘ஆன்னார்’ என்று இருந்தது. ‘எல்லோரும்’ என்று தொடங்கிய இடத்தில் ‘ஏல்லோரும்’, ‘உற்றார்’ என்று தொடங்கிய இடத்தில் ‘ஊற்றார்’. அந்த வீட்டுக்காரர் ஒரு சொல்லும் ஏசவில்லை. மூத்த மகள் மட்டும் பக்கத்தைத் திறந்து, அந்தச் சொல்லில் விரலை வைத்தபடி நின்றார். முன்னூறு பிரதி. எல்லாவற்றிலும் பேனையால் காலை அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியவில்லை, மறுபடி அடித்துக் கொடுத்தேன். இப்போதும் ‘அன்னார்’ என்று தட்டும்போது என் கை ஒரு கணம் நிற்கும்.

அதனால் சேர், ‘ஃபைல்’, ‘ஒப்ஷன்ஸ்’, ‘புரூஃபிங்’, அதற்குள் ‘ஒட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ்’ போய், வசன முதலெழுத்தைப் பெரிதாக்குகிற வரியில் உள்ள சரி அடையாளத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிறகு நூற்றிருபது பக்கத்திலும் வசனத் தொடக்கங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவாருங்கள். அ, உ, எ, ஒ ஆகியவற்றில் தொடங்குகிற வசனங்கள் மட்டுமல்ல, க, ம போன்றவற்றில் தொடங்குகிறவையும் ஆபத்து: ‘க’ ‘கு’ ஆகிவிடும், ‘ம’ ‘மு’ ஆகிவிடும்.

நூல் அச்சுக்குப் போக முதல், தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதிகிற யுனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்றுதான் மனதார வேண்டுவேன். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரேயடியாகக் கொட்டி மாற்றாதீர்கள். நடுவில் உள்ள உண்மையான ஆங்கிலமும் தமிழ்ப் பிதற்றலாக மாறிவிடும். அத்தியாயம் அத்தியாயமாக, பாமினிப் பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். கோடு போவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பார்வையில்லாத ஒரு மாணவி பென் டிரைவில் விரிவுரைக் குறிப்போடு கடைக்கு வந்தார். திரைவாசிப்பானில் போட்டால் ஒன்றும் விளங்கவில்லை என்றார். நானும் காதுக்கருவியை வாங்கிக் கேட்டேன். ஜே, கே, பி, ஓ. பாமினியில் இருந்த குறிப்பை அது ஆங்கில எழுத்துகளாக ஒப்புவித்துக்கொண்டிருந்தது. அன்றிரவே மாற்றிக் கொடுத்தேன். உங்கள் கோயில் வரலாற்றையும் அப்படி ஒரு பிள்ளை கேட்க வேண்டும் அல்லவா?

கேள்வி: ஆய்வேட்டில் எல்லாவற்றையும் பிரித்தானிய ஆங்கிலமாக்கிவிட்டேன். ஆனாலும் மேற்பார்வையாளர் சில பந்திகளில் அமெரிக்க எழுத்துக்கூட்டல் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குத் திரையில் ஒரு கோடும் தெரியவில்லை. (பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி)

பதில்: அந்தப் பந்திகள் வேறெங்கோ இருந்து வெட்டி ஒட்டியவையா, பிள்ளை? ஒட்டும்போது எழுத்தோடு அதன் மொழியும் கூடவே வரும். அமெரிக்க ஆங்கிலம் என்று குறித்த பந்தியில் அமெரிக்க எழுத்துக்கூட்டல் சரிதானே, கோடு எப்படி வரும்? சிலவேளை ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற அடையாளமும் ஒட்டிக்கொண்டு வரும், அப்போது எந்தப் பிழைக்கும் கோடு வராது. இனி ஒட்டும்போது ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ என்ற தெரிவைப் பாவியுங்கள். இதுவரை ஒட்டியதற்கு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் கொன்ட்ரோல்-ஏ அடித்து, மொழிப் பெட்டியைத் திறந்து, ‘சரிபார்க்க வேண்டாம்’ பெட்டியைப் பாருங்கள். சரியும் இல்லாமல் வெறுமையும் இல்லாமல் நடுத்தரமாக நிரம்பியிருந்தால், அத்தியாயத்தில் சில இடங்களில் அது ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். எடுத்துவிட்டு மொழியைக் குறியுங்கள். அடிக்குறிப்புகளுக்குத் தனியாகப் போக மறக்காதீர்கள். ஆய்வேட்டில் பாதிப் பிழை அங்கேதான் இருக்கும்.

தமிழ் மேற்கோள்கள் இருந்தால் அவற்றைத் தமிழ் என்றே குறியுங்கள். மேற்பார்வையாளர் கேட்காவிட்டாலும் குறியுங்கள்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக் கணினியில் லிப்ரே ஒஃபிஸ்தான் இருக்கிறது. அதிலும் ஒரு கோப்புக்கு மட்டும் மொழி மாற்றலாமா? (நிலையப் பொறுப்பாளர், காரைநகர்)

பதில்: தாராளமாக. இந்த விடயத்தில் வேர்டை விட அது தெளிவு என்பேன். ‘டூல்ஸ்’, ‘லாங்வேஜ்’ என்று போனால் தெரிவுசெய்த பகுதிக்கு, பந்திக்கு, முழு எழுத்துக்கு என்று மூன்றாகப் பிரித்தே கேட்கும். அடிப்பட்டையிலும் மொழிப்பெயர் இருக்கிறது. ‘டூல்ஸ்’, ‘ஒப்ஷன்ஸ்’ ஊடாக மொழி அமைப்புகளுக்குப் போனால் ‘இந்தக் கோப்புக்கு மட்டும்’ என்ற பொருளில் ஒரு சரிப்பெட்டி உண்டு, அதைப் போட்டுவிட்டு மாற்றினால் நிலையத்தின் மற்றக் கோப்புகளைத் தொடாது. அங்கே ஆங்கிலத்துக்கு ஓர் இடமும் தமிழுக்கு வேறோர் இடமும் இருக்கும். தமிழ் ‘கொம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்’ என்ற வரிசையில் வரும். அந்த வரிசை மங்கலாகக் கிடந்தால் முதலில் அதை இயக்கிவிடுங்கள்.

கேள்வி: கூகுள் டொக்ஸில்? (வாசகர், நெல்லியடி)

பதில்: ‘ஃபைல்’, ‘லாங்வேஜ்’. ஒரு கோப்புக்கு ஒரு மொழி, அது அந்தக் கோப்போடு மட்டும் நிற்கும்.

கேள்வி: யுனிகோட்டில் எழுதுகிறேன், தமிழ் அகராதியும் போட்டுவிட்டேன். இப்போது ‘கதிரை’க்குக் கோடு, ‘யன்னல்’, ‘குசினி’ எல்லாவற்றுக்கும் கோடு. எங்கள் தமிழ் பிழையா? பேத்தி கொழும்பில் இருந்து தொலைபேசியில், ‘ஜன்னல் என்று எழுதுங்கோ அம்மம்மா, கோடு போயிடும்’ என்கிறாள். (சிறுகதை எழுதும் அம்மா, கரவெட்டி)

பதில்: மாற்றாதேங்கோ அம்மா. உங்கள் தமிழில் ஒரு பிழையும் இல்லை. அந்த அகராதியைத் தொகுத்தவர்களின் காதில் எங்கள் சொற்கள் விழவில்லை, அவ்வளவுதான். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த காலத்தோடு வந்து எங்கள் வீட்டுக்குள் இருந்துவிட்ட சொற்கள் இவை. கதிரை, யன்னல், குசினி, அலுமாரி, சப்பாத்து எல்லாம் அவர்களுடைய மொழியில் இருந்து வந்தவை. அதன்பின் வந்த ஒல்லாந்தர் ‘கந்தோர்’ என்ற சொல்லைத் தந்துவிட்டுப் போனார்கள். நானூறு வருடம் ஒரு வீட்டில் இருந்த கதிரையை ஒரு கோட்டைப் பார்த்து வெளியே தூக்கிப் போடுவதா? உங்கள் கதையில் கிழவி ‘நாற்காலி’யில் இருந்தால் அவள் கரவெட்டிக் கிழவியாக இருக்க மாட்டாள்.

செய்ய வேண்டியது இது. கோடு விழுந்த சொல்லின்மேல் வலப்பொத்தானை அழுத்தி ‘ஆட் டு டிக்ஷனரி’ கொடுங்கள். அந்தச் சொல் உங்கள் சொந்த அகராதிக்குள் போய்விடும், பிறகு எந்தக் கோப்பிலும் கோடு வராது. ஆனால் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்துச் சேருங்கள். அவசரத்தில் ஒரு பிழையைச் சேர்த்துவிட்டால் அது என்றைக்கும் சரியென்றே இருக்கும். நான் ஒருமுறை ‘கறுப்பு’ என்பதைத் தவறாகத் தட்டி அப்படியே சேர்த்துவிட்டு, மாதக்கணக்கில் அந்தப் பிழையோடு மலர்கள் அடித்திருக்கிறேன். சொந்த அகராதியைத் திறந்து வரியை அழிக்கலாம். ‘ஒப்ஷன்ஸ்’, ‘புரூஃபிங்’ பக்கத்திலேயே ‘கஸ்டம் டிக்ஷனரிஸ்’ என்று இருக்கிறது.

கோடு எதைப் பார்க்காது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘கடைக்கு போனான்’ என்று ப் போடாமல் எழுதினால் கோடு வராது, இரண்டும் தனித்தனியே சரியான சொற்கள். ‘அறம்’ எழுத வேண்டிய இடத்தில் ‘அரம்’ எழுதினாலும் வராது, அரமும் ஒரு சொல்தான். மறுபக்கம், ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று நீங்கள் அழகாக நீட்டி எழுதினால் சரியாக இருந்தும் கோடு வரலாம். ஒரு வினையில் இருந்து தமிழில் பிறக்கிற வடிவங்களையெல்லாம் எந்தப் பட்டியலிலும் அடைக்க முடியாது. ஆகவே அகராதி ஒரு முறை பார்த்த பிறகு, கதையைத் தாளில் எடுத்து நீங்கள் ஒரு முறை சத்தமாக வாசியுங்கள்.

என் கடைக் கணினியில் இப்படிச் சேர்த்துச் சேர்த்து ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. கோடிப்புறம், அடுக்களை, சாக்குக் கட்டில், ஒடியல், கூழ், பொச்சு, தட்டுவம், படலை, சங்கடப்படலை. அது சாதாரணச் சிறு கோப்புத்தான், இன்னொரு கணினிக்குக் கொண்டுபோகலாம். பேத்தி விடுமுறைக்கு வரும்போது ஒரு பென் டிரைவோடு பரமேஸ்வராச் சந்திப் பக்கம் அனுப்புங்கள், பிரதி எடுத்துத் தருகிறேன். ‘கந்தோர்’ போன கிழமைதான் சேர்த்தேன்.